மீதிங்க்ஸ்: ஒரு பழைய ஆங்கில வினைவடிவத்தின் தோற்றம்

மீதிங்க்ஸ் என்பது ஆங்கிலத்தில் அன்றாட வழக்கிலிருந்து மறைந்துவிட்ட ஒரு வினைவடிவம் ஆகும். 'எனக்குத் தோன்றுகிறது' என்பது இதன் பொருள். இதன் இறந்தகால வடிவம் மீதாட், அதாவது 'எனக்குத் தோன்றியது'. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையோ 17ஆம் நூற்றாண்டுக் கவிதைகளையோ பாடமாகப் படிக்கும் மாணவர்கள் இச்சொல்லைத் தவறாமல் சந்திப்பர். பெரும்பாலான உரைக்குறிப்புகள் இதற்கு 'நான் நினைக்கிறேன்' என்று ஒரு வரியில் பொருள் தந்துவிட்டுக் கடந்துவிடுகின்றன. அந்தப் பொருள் முற்றிலும் தவறன்று. எனினும் சொல்லின் உள்ளமைப்பை அது மறைத்துவிடுகிறது.

இலக்கணம் அறிந்த ஒருவருக்கு இச்சொல்லில் இரண்டு ஐயங்கள் எழும். 'நான்' என்னும் பொருளில் 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'என்னை' அல்லது 'எனக்கு' என்னும் பொருளுடைய 'மீ' ஏன் வந்தது? பேசுபவர் தன்மை ஒருமையாக இருக்க, படர்க்கை ஒருமைக்கு உரிய 'ஸ்' விகுதி ஏன் சேர்ந்தது? 'ஐ திங்க்' என்று இருக்க வேண்டியதை யாரோ பிழையாகச் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது என்று கருதியவர்கள் பலர். உண்மையில் இதில் பிழையே இல்லை. இச்சொல்லில் உள்ள 'திங்க்', 'நினை' என்னும் பொருளுடைய இன்றைய 'திங்க்' அன்று. அது வேறொரு வினைச்சொல்.

இரண்டு வினைகள்

பழைய ஆங்கிலத்தில் (ஏறத்தாழ 1100ஆம் ஆண்டுக்கு முற்பட்ட ஆங்கிலம்) ஒன்றையொன்று ஒத்த இரு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்று 'தென்ச்சன்'. 'நினைத்தல், மனத்தில் எண்ணுதல்' என்பது அதன் பொருள். மற்றொன்று 'த்யுன்ச்சன்'. 'தோன்றுதல், ஒன்றுபோல் தெரிதல்' என்பது அதன் பொருள். இரண்டாவது சொல்லின் முதல் உயிரொலி தமிழில் இல்லாதது. உகரத்துக்குக் குவிப்பதுபோல் இதழ்களைக் குவித்துக்கொண்டு இகரத்தை ஒலித்தால் அது கிடைக்கும்.

இவற்றின் இறந்தகால வடிவங்களும் வேறுபட்டிருந்தன. 'நினைத்தான்' என்பதற்குத் 'தோஹ்டே' என்றும், 'தோன்றியது' என்பதற்குத் 'தூஹ்டே' என்றும் வழங்கினர். இன்றைய ஆங்கிலத்தில் 'திங்க்' என்பதன் இறந்தகாலம் 'தாட்' என்று முற்றிலும் உருமாறி வருவதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. 'ஹ்' என்னும் ஒலிக்கு முன் நின்ற 'ன்' மிகப் பழங்காலத்திலேயே கெட்டு, அதற்கு ஈடாக முன்னிருந்த உயிர் நீண்டது. 'பிரிங்' என்பது 'பிராட்' ஆவதும் இதே விதியால்தான்.

இந்த இரட்டை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா விவிலியத்தை மொழிபெயர்த்த கோதிக் மொழியிலும் இவ்விரு வினைகளும் தனித்தனியே காணப்படுகின்றன. ஜெர்மன் மொழியில் 'டெங்கென்' (நினை), 'ட்யுங்கென்' (தோன்று) என்று இன்றும் இரண்டும் உள்ளன. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. தமிழில் 'உருள்' என்பதிலிருந்து 'உருட்டு' பிறப்பதுபோல, 'தனக்குத் தோன்றச் செய்தல்' என்னும் பிறவினைப் பொருளிலிருந்தே 'நினைத்தல்' என்னும் பொருள் வளர்ந்தது என்று விளக்கும் சொற்பிறப்பாய்வாளர்கள் உண்டு. அவ்வாறாயின், 'தோன்றுதல்' என்பதே மூலப்பொருள். 'நினைத்தல்' அதிலிருந்து கிளைத்தது.

'மீ' என்பதன் வேற்றுமை

பழைய ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் தமிழ்ப் பெயர்ச்சொற்களைப் போலவே வேற்றுமைக்கு ஏற்ப வடிவம் மாறின. 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமைப் பொருளைத் தருவது 'மே'. காலப்போக்கில் இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் இந்த ஒரே வடிவம் பொதுவாகிவிட்டது. பின்னர் ஒலி மாறி அது 'மீ' ஆயிற்று. ஆகவே மீதிங்க்ஸ் என்பதில் உள்ள 'மீ', 'எனக்கு' என்றே பொருள்படும். தோன்றுவது ஏதோ ஒரு செய்தி, அதுவே படர்க்கை. அதனால் வினை படர்க்கை ஒருமை விகுதி பெற்றது. மேலே கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை இதுவே.

தமிழ் மாணவருக்கு இந்த அமைப்பு புதிதன்று. 'எனக்குத் தோன்றுகிறது' என்னும் தொடரில் 'நான்' இல்லை. வினைமுற்று 'தோன்றுகிறேன்' என்று தன்மையில் முடிவதும் இல்லை. 'எனக்குப் பசிக்கிறது', 'அவனுக்குப் புரிந்தது', 'அம்மாவுக்குத் தெரியும்' என்பனவும் இவ்வகையே. அனுபவிப்பவர் 'கு' உருபு ஏற்க, வினை படர்க்கையில் நிற்கும். இந்தியில் 'முஜே லக்தா ஹை' என்பதும், இலத்தீனில் 'மிஹி விதேதுர்' என்பதும் அப்படியே. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் குடும்ப உறவு கிடையாது. ஆகவே இதைச் சொல்லுறவு என்று கொள்ளக்கூடாது. பசி, தூக்கம், தோற்றம், விருப்பம் போன்றவை மனிதன் செய்யும் செயல்கள் அல்ல, அவனுக்கு நேர்பவை என்று பார்க்கும் பார்வை பல மொழிகளில் தனித்தனியே தொடரமைப்பாக உருவாகியிருக்கிறது. இன்றைய ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் கைவிட்ட மொழி.

ஆல்ஃபிரெட் முதல் சாசர் வரை

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்ஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரெட், போப் கிரெகோரியின் ஆயர் கடமைகள் பற்றிய இலத்தீன் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதற்கு முன்னுரையாக ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய சில நூல்களை எல்லோருக்கும் புரியும் மொழியில் மாற்றுவது நல்லது என்று அவர் கருத்துத் தெரிவிக்கும் இடத்தில் இந்த வினை இருமுறை வருகிறது. 'எனக்கு இது நல்லதாகத் தோன்றுகிறது, உங்களுக்கும் அவ்வாறு தோன்றினால்' என்னும் கருத்துப்படத் தொடரை அமைக்கிறார். முதலில் 'எனக்கு', அடுத்து 'உங்களுக்கு'. எந்த இடப்பெயருடனும் இவ்வினை அன்று சேர முடிந்தது என்பதற்கு இது நல்ல சான்று. அரசர் ஆணையிடவில்லை, தமக்குத் தோன்றுவதைச் சொல்லி, கேட்பவருக்கும் தோன்றுகிறதா என்று பார்க்கிறார். வூஸ்டர் ஆயருக்கு அனுப்பப்பட்ட படி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இன்றும் உள்ளது.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்துச் சாசர் (இறப்பு 1400) எழுதியபோதும் இந்த அமைப்பு உயிரோடு இருந்தது. கேன்டர்பரி கதைகளின் பொது முன்னுரையில், கதைக்குள் போகுமுன் ஒவ்வொரு பயணியின் நிலையையும் சொல்லிவிடுவது முறையாகத் தமக்குத் தோன்றுகிறது என்று கூற 'மே திங்கெத்' என்னும் வடிவத்தைக் கையாள்கிறார். அவருடைய படைப்புகளில் 'அவனுக்குத் தோன்றியது' என்பதும் இதே வினையால் சொல்லப்படுகிறது. கனவைச் சொல்லத் தொடங்கும்போது இவ்வினை அவருக்கு மிகவும் பயன்பட்டது. கனவில் கண்டது உண்மையா பொய்யா என்று உறுதி கூறாமல் 'எனக்குத் தோன்றியது' என்று தொடங்கலாம் அல்லவா? 'தி புக் ஆஃப் தி டச்செஸ்' என்னும் கவிதையில் கனவு அவ்வாறே தொடங்குகிறது.

சாசர் காலத்தில் இது ஒரு தனி வினையாக எஞ்சியிருக்கவில்லை. ஒரு கூட்டமே இருந்தது. எனக்குப் பிடிக்கிறது, எனக்கு விருப்பமாகிறது, எனக்குக் குறைகிறது, எனக்கு வருத்தமாகிறது, எனக்குக் கனவு வந்தது என்ற பொருளுடைய பல வினைகள் 'மே' என்பதை முன்வைத்து வழங்கின. தயவுசெய்து என்னும் பொருளில் இன்று வழங்கும் 'இஃப் யூ ப்ளீஸ்' அந்தக் கூட்டத்தின் எச்சம். 'உமக்கு மகிழ்ச்சி தருமாயின்' என்பதே அதன் மூலப்பொருள்.

இரு வினைகளின் கலப்பு

'த்யுன்ச்சன்' என்னும் வினை மறைந்ததற்கு முதற்காரணம் ஒலி. இடைக்கால ஆங்கிலத்தில் (ஏறத்தாழ 1100 முதல் 1500 வரை) இதழ் குவிந்த இகரம் நாட்டின் பல பகுதிகளில் குவிவு நீங்கி வெறும் இகரமாயிற்று. எனவே 'தோன்று' என்னும் வினை 'திங்க்' என்னும் ஒலியை நெருங்கியது. மறுபுறம், 'நினை' என்னும் வினையில் இருந்த எகரமும் இகரமாகத் திரிந்தது. 'ங்' ஒலிக்கு முன் எகரம் இகரமாவது ஆங்கிலத்தில் பல சொற்களில் நடந்த மாற்றம். அதற்கு எளிய சான்று அந்நாட்டின் பெயரே. எழுதும்போது எகரத்துக்குரிய எழுத்தில் தொடங்கும் பெயரை ஆங்கிலேயர் இகரமாக ஒலிக்கின்றனர். தமிழர் காதில் விழுந்தபடி 'இங்கிலாந்து' என்று எழுதிக்கொண்டனர்.

இறந்தகாலத்திலும் 'தூஹ்டே', 'தோஹ்டே' என்ற வேறுபாடு அழிந்து இரண்டும் ஒன்றாயின. இவ்வாறு நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே ஒலி, ஆனால் இரண்டு பொருள் என்ற நிலை ஏற்பட்டது. வேறு சில மொழிகளில் இப்படி இரண்டு சொற்கள் மோதும்போது பொருள் தொலைவாக இருந்தால் இரண்டும் பிழைத்துக்கொள்வதுண்டு. இங்கே பொருளும் நெருக்கம். 'இது சரி என்று எனக்குத் தோன்றுகிறது' என்பதற்கும் 'இது சரி என்று நான் நினைக்கிறேன்' என்பதற்கும் அன்றாடப் பேச்சில் வேறுபாடு குறைவு. ஒரே ஒலியில் இரண்டு வினைகளைத் தாங்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. 'தோன்று' என்னும் பொருளுக்கு ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த 'சீம்' என்னும் சொல் இடம்பிடித்தது.

தொடரமைப்பின் மாற்றம்

ஒலி மட்டும் காரணமாக இருந்திருந்தால் 'எனக்குப் பிடிக்கும்' போன்ற பிற தொடர்கள் ஏன் மறைந்தன என்பதற்கு விடை கிடைக்காது. அவற்றில் எந்த வினையும் மற்றொன்றோடு கலக்கவில்லை. அங்கே நடந்தது வேற்றுமை உருபுகளின் இழப்பு.

இதை விளக்க டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் (1860–1943) காட்டிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. 'அரசனுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன' என்னும் பொருளுடைய ஒரு தொடரை அவர் எடுத்துக்கொள்கிறார். இன்று 'விரும்பு' என்று பொருள்படும் 'லைக்' என்னும் வினைக்கு அன்று 'மகிழ்வூட்டு, பிடித்திரு' என்பதே பொருள். பழைய ஆங்கிலத்தில் 'அரசன்' நான்காம் வேற்றுமை வடிவில் இருக்கும். வினை பேரிக்காய்களுக்கு ஏற்பப் பன்மை விகுதி பெறும். தமிழ்த் தொடரில் 'பிடித்தன' என்று பலவின்பால் விகுதி வருவதை இதனுடன் ஒப்பிட்டால் இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும்.

அடுத்த கட்டத்தில் 'அரசன்' என்பதிலிருந்து வேற்றுமை அடையாளம் உதிர்கிறது. அதன்பின் வினையின் பன்மை விகுதியும் உதிர்கிறது. இப்போது எஞ்சுவது 'அரசன் பிடி பேரிக்காய்' என்பதுபோல் விகுதி, உருபு எதுவுமற்ற சொல்வரிசை. யார் எழுவாய் என்று காட்ட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் முதலில் நிற்பதே எழுவாய் என்னும் வழக்கம் அதற்குள் வலுப்பெற்றுவிட்டது. கேட்பவர் 'அரசன்' என்பதையே எழுவாயாகக் கொள்கிறார். அந்தப் புரிதலில் வளர்ந்த தலைமுறை, பெயருக்குப் பதில் இடப்பெயரைப் போடும்போது 'அவனுக்கு' என்று போடாமல் 'அவன்' என்றே போடுகிறது. சொற்கள் அவ்வாறே இருக்க, பேரிக்காயிடமிருந்த எழுவாய்த் தகுதி அரசனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இவ்விளக்கம் அழகானது, பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. ஆயினும் மாற்றம் இத்தனை ஒழுங்காக நடந்துவிடவில்லை. சிந்தியா ஆலன் 1995இல் வெளியிட்ட விரிவான ஆய்வுநூல், வேற்றுமை உருபுகள் மறைந்த உடனே பழைய அமைப்பு சரிந்துவிடவில்லை என்று காட்டியது. பழையதும் புதியதும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வழங்கின. ஒவ்வொரு வினையும் தன்தன் வேகத்தில் மாறியது. ஒரே எழுத்தாளர் இரண்டையும் எழுதினார்.

மீதிங்க்ஸ் தப்பியதற்கான காரணமும் இதிலேயே கிடைக்கிறது. 'அரசன்' போன்ற பெயர்ச்சொல் உருபை இழந்தால் அது எழுவாயா இல்லையா என்று தெரியாது. 'மீ' அப்படியன்று. ஆங்கிலத்தில் வேற்றுமையை இன்றுவரை விடாமல் காட்டுபவை இடப்பெயர்கள் மட்டுமே. 'மீ' என்பதை எவரும் எழுவாயாகக் கொள்ள முடியாது. எனவே இத்தொடர் புதிய அமைப்புக்குள் சேரவும் முடியாமல், பழைய அமைப்பில் துணையும் இல்லாமல், இரண்டு சொல்லும் ஒட்டி ஒரு சொல்லாக உறைந்தது. இதே முறையில் 'சீம்' என்பதோடு சேர்ந்து 'மீசீம்ஸ்' என்னும் சொல்லும் உருவானது. அது அவ்வளவாகப் பரவவில்லை.

'எத்' விகுதியும் 'ஸ்' விகுதியும்

சாசரின் 'திங்கெத்' எப்படி 'திங்க்ஸ்' ஆயிற்று என்பது தனிக்கதை. படர்க்கை ஒருமைக்குத் தென் இங்கிலாந்தில் 'எத்' விகுதியும், வட இங்கிலாந்தில் 'ஸ்' விகுதியும் வழங்கின. வடக்கின் விகுதி மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி, 16ஆம் நூற்றாண்டில் இலண்டன் பேச்சில் ஊன்றியது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் பழைய விகுதியையே பேணியது. 2 சாமுவேல் 18ஆம் அதிகாரத்தில், மதில்வாயிலின் மேல் நிற்கும் காவலன் தொலைவில் ஓடிவரும் ஒருவனைப் பார்க்கிறான். முகம் தெரியவில்லை. ஓடும் விதத்தை வைத்து, அது அகிமாசின் ஓட்டம்போல் தனக்குத் தோன்றுகிறது என்கிறான். அங்கே வருவது 'மீ திங்கெத்', இரண்டு சொல்லாகவே. அவன் ஆராய்ந்து எண்ணிச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். வினையின் மூலப்பொருள் இந்த இடத்தில் மிகத் தெளிவாக நிற்கிறது.

ஷேக்ஸ்பியரின் கையில்

ஷேக்ஸ்பியர் காலத்தில் 'நான் நினைக்கிறேன்' என்னும் பொருளில் 'ஐ திங்க்' இயல்பான வழக்கு. மீதிங்க்ஸ் அதனருகே சற்று மென்மையான, உறுதி குறைந்த தொனியுடன் வழங்கியது. ஹாம்லெட் நாடகம் ஒன்றிலேயே இதன் மூன்று முகங்களைக் காணலாம்.

முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், இறந்த தந்தையைத் தான் காண்பதுபோல் தோன்றுகிறது என்று ஹாம்லெட் கூறுகிறான். முந்தைய இரவு அந்த அரசரின் ஆவியை நேரில் கண்டுவிட்டு, அதைச் சொல்லத்தான் வந்திருக்கும் ஹொரேஷியோ திடுக்கிட்டு 'எங்கே?' என்று கேட்கிறான். மனக்கண்ணில் என்பது ஹாம்லெட்டின் விடை. இந்த இடத்தை 'என் தந்தையைப் பார்க்கிறேன் என்று நினைக்கிறேன்' என மொழிபெயர்த்தால் ஹொரேஷியோவின் திடுக்கிடலுக்கு வலு இல்லாமல் போகும். 'என் தந்தை எனக்குக் கண்முன் தோன்றுவதுபோல் இருக்கிறது' என்றால்தான் காட்சி நிற்கும். தோற்றத்துக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள ஐயமே அந்நாடகத்தின் மையம் என்பதால் இது சிறிய விஷயமன்று.

மூன்றாம் அங்கத்தில், நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரசி கெர்ட்ரூட், அதில் வரும் பெண் அளவுக்கு மீறி உறுதிமொழி கூறுகிறாள் என்று கருத்துரைக்கிறாள். இன்று ஆங்கிலத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் மீதிங்க்ஸ் இதுதான். அதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்லை வரியின் தொடக்கத்துக்கு மாற்றிவிடுகின்றனர்; மூலத்தில் அது வரியின் கடைசிச் சொல். கருத்தைச் சொல்லிமுடித்துவிட்டு 'அப்படித் தோன்றுகிறது' என்று நழுவவிடும் தொனி, சொல்லை முன்னுக்குக் கொண்டுவரும்போது கெட்டுவிடுகிறது.

அதே காட்சியின் பிற்பகுதியில் மேகத்தைக் காட்டி ஹாம்லெட் பொலோனியஸைச் சோதிக்கிறான். ஒட்டகம் என்கிறான், மரநாய் என்கிறான், திமிங்கலம் என்கிறான். கிழவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். மரநாயைப் பற்றிய வரி இச்சொல்லுடன் தொடங்குகிறது. உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986இல் வெளியான 'தி பிளைண்ட் வாட்ச்மேக்கர்' நூலில், சிறு மாற்றங்கள் சேர்ந்து பெருகுவதன் ஆற்றலைக் கணினியால் விளக்குவதற்கு எடுத்துக்கொண்டது இந்த வரியையே. இடைவெளிகளையும் சேர்த்து 28 எழுத்துகள் கொண்ட அந்த வரியின் வழியே, ஆங்கில இலக்கியம் படிக்காத கணினி மாணவர்களும் மீதிங்க்ஸ் என்னும் சொல்லை அறிந்தனர்.

கனவுக்கும் இச்சொல்லுக்கும் உள்ள பழைய உறவு இறந்தகால வடிவில் தொடர்ந்தது. 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் தூங்கி எழும் பாட்டம், தனக்கு என்ன தோன்றியது என்று சொல்ல முயன்று முயன்று தோற்கும்போது 'மீதாட்' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். பார்வை இழந்த மில்டன், இறந்துபோன மனைவியைக் கனவில் கண்டது பற்றி எழுதிய பதினான்கு வரிக் கவிதையின் முதற்சொல்லும் 'மீதாட்'.

ஷேக்ஸ்பியரின் பழைய அச்சுகளில் 'மீதாட்ஸ்' என்னும் விசித்திரமான வடிவமும் கிடைக்கிறது. 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் ஷைலாக் பேச்சில் இது வருகிறது. 'ஸ்' நிகழ்கால விகுதி. ஆங்கிலத்தில் இறந்தகால வினைக்கு அது சேராது. 'தோன்றியதுகிறது' என்று தமிழில் சொல்வதற்கு ஒப்பானது இது. மீதிங்க்ஸ் என்பதன் இறுதியிலுள்ள 'ஸ்' ஒரு விகுதி என்ற உணர்வே அன்றைய பேச்சாளருக்கு மங்கிவிட்டது என்பதையும், சொல் உறைந்துபோனதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஜான்சன் அகராதியின் குறிப்பு

சொல்லின் பிறப்பு மறந்துபோனபின் கற்பனை விளக்கங்கள் தோன்றின. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் இச்சொல்லுக்கு எழுதிய குறிப்பு, இதை நார்மானியரால் நேர்ந்த சிதைவு என்று கருதுவதாகக் கூறுகிறது. பிரெஞ்சுக்காரர் 'மீ' என்பதையும் 'ஐ' என்பதையும் குழப்பிக்கொள்ளும் இயல்பினர் என்பது அங்கே தரப்படும் காரணம். நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியது 1066இல். ஆல்ஃபிரெட் இத்தொடரை எழுதியது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால். அயலார் நாவின் மேல் பழியைப் போடுவது சொற்பிறப்பு விளக்கங்களில் அடிக்கடி நடப்பதுதான். எனினும் பொருள் கூறும் இடத்தில் ஜான்சன் 'எனக்குத் தோன்றுகிறது' என்பதையும் சேர்த்தே தந்திருக்கிறார்.

19ஆம் நூற்றாண்டில் ராஸ்மஸ் ராஸ்க், யாகோப் கிரிம் போன்றோர் ஜெர்மானிய மொழிகளை ஒலிக்கு ஒலி, விகுதிக்கு விகுதி ஒப்பிட்டு ஆராயத் தொடங்கியபின் இத்தகைய ஊகங்களுக்கு இடமில்லாமற் போயிற்று. கோதிக், ஜெர்மன், பழைய ஆங்கிலம் மூன்றிலும் இரு வினைகளும் அருகருகே நிற்பதைக் கண்டால், ஒன்றைச் சிதைத்து மற்றொன்று வந்தது என்று சொல்ல இயலாது.

உறவு மொழிகளில்

ஜெர்மனில் 'மிஹ் ட்யுங்க்ட்' என்னும் தொடர் மீதிங்க்ஸ் என்பதன் நேர் உறவு. அங்கும் அது இன்று பழமையாகவே ஒலிக்கிறது. ஐஸ்லாந்து மொழியில் 'மியெர் திகிர்' என்பது கிழவர் முதல் குழந்தை வரை பேசும் வழக்கு. அம்மொழி நான்கு வேற்றுமைகளையும் காத்து வைத்திருப்பதால் 'எனக்கு' என்பது 'எனக்கு' ஆகவே நிற்கிறது. ஸ்வீடிஷ் மொழி மூன்றாவது வழியில் சென்றது. வேற்றுமைகளை இழந்த அம்மொழி, வினையைக் கைவிடாமல் எழுவாயை மாற்றிக்கொண்டது. 'எனக்குத் தோன்றுகிறது' என்றிருந்தது 'யாக் ட்யுக்கெர்', அதாவது 'நான் கருதுகிறேன்' என்று ஆயிற்று. யெஸ்பெர்சனின் அரசன் பேரிக்காய்க்கு எழுவாயான அதே கதை. ஸ்வீடிஷில் 'நினை' என்னும் வினை வேறு ஒலியுடன் தனித்து நின்றதால் இரண்டும் கலக்காமல் பிழைத்தன.

இன்றைய வழக்கு

ஆங்கில அகராதிகள் மீதிங்க்ஸ் என்பதைப் பழவழக்கு என்றும், வேடிக்கையாக ஆளப்படுவது என்றும் குறிக்கின்றன. நாளிதழ்ப் பத்திகளிலும் இணைய உரையாடல்களிலும் பிறரைச் சீண்டும்போது, அல்லது தன் கருத்தையே சற்றுக் கேலியாக முன்வைக்கும்போது இது தலைகாட்டுகிறது. 'மீ திங்க்ஸ்' என்று பிரித்து எழுதுவதும் உண்டு. சாசர் காலத்தில் அப்படிப் பிரித்து எழுதுவதே முறை. இன்றைய எழுத்து வழக்கில் அது பிழையாகக் கொள்ளப்படும். 'அவனுக்குத் தோன்றுகிறது' என்னும் பொருளில் 'ஹிம்திங்க்ஸ்' என்று இன்று யாரும் சொல்வதில்லை. தேர்வு விடையிலோ கட்டுரையிலோ 'ஐ திங்க்' என்பதற்குப் பதிலாக மீதிங்க்ஸ் என்று எழுதுவது பொருந்தாது. பழைய நூலைத் தமிழாக்கும்போது மட்டும் 'எனக்குத் தோன்றுகிறது', 'எனக்குப் படுகிறது', 'போலும்' ஆகியவற்றுள் இடத்துக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.